கஜபாகுவின் வாரிசு என்று ஓலை காட்டுகிறார்கள், பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் தம்பலகாமத்தில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் தொழும்பு செய்துவரும் குடும்பம். போன மாதம் ஒருவர் ‘வம்ச ஓலை’ ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பொலன்னறுவை அரசர் பராக்கிரமபாகு, தனக்கு முன் அங்கே ஆண்ட கஜபாகுவின் அரண்மனையில் வளர்ப்புப் பிள்ளையாக வளர்ந்தவராம். கஜபாகு கந்தளாயில் இறந்ததும் மூத்த மகனுக்குச் சேரவேண்டிய அரசை ஏமாற்றிப் பிடித்துக்கொண்டாராம். அந்த மகன்தான் திருகோணமலைக்கு வந்த சோழகங்கன், நாங்கள் அவன் வழி என்கிறார். முழு ஓலைக்கும் அத்தாட்சிக் கடிதத்துக்கும் எண்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். காணி உறுதியின் மூலத்தையும் பார்க்க வேண்டுமாம். ஓலையின் படம் அனுப்பியிருக்கிறேன். அரசு மூத்த மகனுக்குத்தானே போகும், ஐயா?

பதில்: முதலில் உறுதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். 12ஆம் நூற்றாண்டு அரசனின் வாரிசைக் கண்டுபிடிக்க உங்கள் காணி உறுதி எதற்கு? இந்த ஒரு கேள்வியை அவரிடம் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இனி அரசுரிமை. மூத்த மகனுக்குத்தான் போகும் என்று நீங்கள் நினைப்பதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அரசர் பெயரையும் ஆண்டையும் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்ய வைத்தால் பிள்ளைகள் அப்படித்தான் விளங்கிக்கொள்வார்கள். ஒருவருக்குப் பின் ஒருவர் ஏன் வந்தார் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லிக் களைத்துவிட்டேன்.

பொலன்னறுவைக் காலத்து வழக்கம் இதுதான். அரசன் இறந்தால் அடுத்து அவன் தம்பி. தம்பிமார் முடிந்த பிறகே அடுத்த தலைமுறை, அதிலும் மூத்த அண்ணனின் மகன் முதலில். அரசனின் மகன் என்பதற்காக மட்டும் ஒருவன் சிம்மாசனத்தில் ஏறிவிட முடியாது.

இந்த வழக்கம் ஒரு முறை முறிந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஓலைக்காரர் தொங்குவது இந்தக் கிளையில்தான். முதலாம் விஜயபாகு 1110இல் இறந்தார். வழக்கப்படி தம்பி ஜயபாகு அரசரானார், அது சரி. அடுத்த இடமான உபராசர் பதவி விஜயபாகுவின் மகன் விக்கிரமபாகுவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. விஜயபாகுவின் சகோதரி மித்தா ஒரு பாண்டிய இளவரசரை மணந்திருந்தார். அவருக்கு மானாபரணன், கீர்த்திஸ்ரீமேகன், ஸ்ரீவல்லபன் என்று மூன்று மகன்கள். மூத்தவரான மானாபரணனை உபராசராக்கிவிட்டார்கள். தெற்கே உறுகுணைப் பகுதியில் இருந்த விக்கிரமபாகு படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தாரே தவிர முடிசூட்டிக்கொள்ளவில்லை. அவர் ஆண்ட காலத்துக் கல்வெட்டுகள் சிலவற்றில் ஆட்சியாண்டு ஜயபாகுவின் பெயரிலேயே இருக்கிறது. அதாவது மகன் அரண்மனையில் இருக்கிறார், கல்லில் சித்தப்பாவின் ஆண்டு ஓடுகிறது. தகப்பனின் இடத்தைப் பலத்தால் பிடித்த மகனை அந்தக் காலம் எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்த விக்கிரமபாகுவின் மகன்தான் உங்கள் கஜபாகு. பராக்கிரமபாகு யார் என்று பாருங்கள். விக்கிரமபாகுவின் சகோதரி இரத்தினாவலி, மேலே சொன்ன மூத்த மானாபரணனை மணந்து பெற்ற பிள்ளை. நம் முறைப்படி கஜபாகுவுக்கு அத்தை மகன், மச்சான். பிறகு பராக்கிரமபாகுவின் தங்கை பத்திராவதியைக் கஜபாகு மணந்ததால் இன்னொரு வழியிலும் மச்சான். வளர்ப்புப் பிள்ளை என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவர் வளர்ந்த இடமும் வேறு. தகப்பன் இறந்ததும் தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உறுகுணைக்குப் போய், அங்கே ஆண்டுகொண்டிருந்த ஸ்ரீவல்லபனிடம் தங்கினார். பிறகு ஆண் பிள்ளை இல்லாத பெரிய சித்தப்பா கீர்த்திஸ்ரீமேகன், தான் ஆண்ட தக்கிணதேசப் பகுதிக்கு வாரிசு வேண்டும் என்று பையனைத் தன்னிடம் எடுத்துக்கொண்டார். சமய நூல், கௌடில்யரின் அரச நீதி, இலக்கணம், காவியம், ஆடல் பாடல், யானையேற்றம், வில், வாள் எல்லாம் கற்றார் என்று சூளவம்சம் என்ற பாளி வரலாற்று நூல் அடுக்குகிறது. அரசனுக்கு வேண்டிய படிப்பு அது. அந்த நூல் அவரைத் தலைவனாக வைத்துப் பாடியது, அதனால் புகழ்ச்சியைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். பொலன்னறுவைக்கு அவர் போனது வாலிபனான பிறகு, விருந்தாளியாக. அங்கே இருந்தபடியே ஒற்றர்களை விட்டு நாட்டின் நிலவரம் அறிந்துகொண்டார்.

பின்னால் இருவருக்கும் போர் நடந்து, கடைசியில் உடன்படிக்கை ஆனது. இருவரில் யார் முதலில் இறந்தாலும் அவருடைய நாடு மற்றவருக்கு என்பது சங்கமுவைக் கல்வெட்டில் இருக்கிறது. கஜபாகு கந்தளாயில் கண்மூடினார். அமைச்சர்கள் ஒப்பந்தத்தை மதிக்காமல் ஸ்ரீவல்லபனின் மகனான இளைய மானாபரணனுக்கு ஆள் அனுப்பினார்கள். பராக்கிரமபாகு அவரோடும் சண்டை பிடித்தே 1153இல் அரசரானார். ஆக, அவருக்கு எதிராக நின்ற போட்டியாளர் மித்தாவின் இன்னொரு பேரன். அமைச்சர்கள்கூடத் தேடிப்போகாத ஒரு ‘மூத்த மகனை’ உங்கள் ஓலைக்காரர் எங்கிருந்து கொண்டுவந்தார்?

சோழகங்கன் என்ற பெயரில்தான் இந்தத் தரகர்கள் எல்லோரும் பிழைக்கிறார்கள். திருகோணமலைக் கோட்டையில் கிடைத்த வடமொழிக் கல்வெட்டு, சோழகங்க தேவர் சக ஆண்டு 1145இல், அதாவது 1223இல், கோகர்ணம் என்ற திருகோணமலைக்கு வந்ததைச் சொல்கிறது. கஜபாகு இறந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கே அப்போது எழுபது வயது. அதற்கு முன் 1196இல் பொலன்னறுவையில் ஒன்பது மாதம் ஆண்ட சோழகங்கன், அரசர் நிசங்கமல்லனின் சகோதரி மகன். அவரைக் கண்ணைப் பறித்து இறக்கிவிட்டார்கள். ஒரே பெயரைக் கண்டால் ஒரே ஆள் என்று ஒட்டிவிடுவதை நான் மூன்று ஓலைகளில் பார்த்துவிட்டேன். மூன்றிலும் வாங்கிய குடும்பத்தின் ஊர்ப்பெயர் மட்டும் வேறு.

சரி, ஓலைக்கு வருவோம். உங்கள் படத்தில் ‘கோணேசர்’ என்ற சொல்லில் சுழித்த கொம்பு தெளிவாகத் தெரிகிறது. பழைய எழுத்தில் கொ, கோ இரண்டுக்கும் ஒரே கொம்புதான். குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டும் இந்தச் சுழி 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தது. மெய்யெழுத்துக்கெல்லாம் ஒழுங்காகப் புள்ளியும் வைத்திருக்கிறார், அந்தக் கால ஏட்டில் அது அரிது. எண்ணூறு வருட ஓலை என்று அவர் சொன்னால் இந்த இரண்டையும் விரல் வைத்துக் காட்டுங்கள். நம் ஊர் ஈரத்திலும் கறையானிலும் ஓலை அவ்வளவு காலம் நிற்கவும் நிற்காது.

இந்த ஆட்கள் தைரியமாக நடமாடுவதற்கு ஒரு காரணம் உண்டு. உண்மையான கல்வெட்டைப் பார்ப்பது சாதாரண ஆளுக்கு அவ்வளவு கஷ்டம். ஒரு கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி எடுத்த மைப்படியைப் பார்க்க ஓர் அலுவலகத்துக்கு நான் மூன்று தடவை பஸ் ஏறினேன். மூன்றாம் தடவையும் ‘பொறுப்பானவர் லீவு’ என்றார்கள். பாலமோட்டையில், கந்தளாயில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளின் வாசகத்தை இந்த மாவட்டப் பிள்ளைகளின் கையில் கொடுத்திருந்தால் எண்பதாயிரம் கேட்க யாருக்கும் துணிவு வந்திருக்காது. கந்தளாய் ‘விஜயராஜ சதுர்வேதி மங்கலம்’ என்ற பிராமணர் ஊராக இருந்ததும், ஒரு பிராமணப் பெண் அங்கிருந்த சிவன் கோயிலுக்குக் கொடை கொடுத்ததும் கல்லிலேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது அதில் எதுவும் இல்லை.

உங்கள் குடும்ப வரலாறு வேண்டுமென்றால் கீழிருந்து மேலே போங்கள். தாத்தாவின் பிறப்பு, விவாகப் பதிவுகளைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கோயிலில் உங்கள் வீட்டுக்கு எந்த நாள் முறை, எந்தத் தொழும்பு என்பதை வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் கொப்பியில் எழுதுங்கள். அது நான்கு தலைமுறைக்குப் போனாலே பெரிய விஷயம்.

அவருக்கு முற்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டு கேளுங்கள். உறுதியின் போட்டோ பிரதியையாவது வாங்கிக்கொண்டு போயிருந்தால், உங்களுக்கு உறுதி எழுதிய நொத்தாரிசிடம் இந்த வாரமே சொல்லிவையுங்கள்.