கர்நாடக பைக்கை டிஎன் நம்பருக்கு மாற்ற ஒரு வருஷம் அவகாசம் இருக்கிறதா?

ஓசூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெங்களூரில் கூட வேலை பார்த்தவரிடம் 2018-இல் பதிவான பல்சர் ஒன்றை வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. பணம் கொடுத்தாயிற்று. வண்டியைப் பேர் மாற்றுவதற்கான 29, 30 படிவங்களில் விற்றவரின் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறார். "கேஏ நம்பரோடு ஒரு வருஷம் தாராளமாக ஓட்டலாம், அப்புறம் நான் முடித்துத் தருகிறேன், ஆர்சியை மட்டும் என்னிடம் கொடுங்கள்" என்கிறாராம் ஒரு புரோக்கர். நம்பலாமா என்பது கேள்வி.

நம்பாதீர்கள். முக்கியமாக ஆர்சியைக் கொடுக்காதீர்கள்.

அந்த ஒரு வருஷக் கணக்கு உங்களுக்கானதே அல்ல. சொந்த வண்டியோடு வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறவருக்கு, வண்டி அங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. நீங்கள் வண்டியை விலைக்கு வாங்கியவர். உங்களுக்கு 50-ஆம் பிரிவு. வாங்கிய 30 நாளுக்குள் பேர் மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. தாமதத்துக்கு ஒரு தொகை கட்டச் சொல்வார்கள், கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

முதலில் வேண்டியது என்ஓசி, அதாவது வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆட்சேபம் இல்லை என்ற சான்று. இதை வாங்க வேண்டியவர் விற்றவர்தான். வண்டி பதிவான பெங்களூர் ஆர்டிஓ அலுவலகத்துக்கு 28-ஆம் படிவத்தில் அவர் விண்ணப்பிக்க வேண்டும். வாகனப் பதிவுக்கான அரசின் 'வாகன்' இணையதளத்தில் அவருடைய பழைய செல்போன் எண் இருந்தால் ஓடிபி அங்கேதான் போகும், அதை முதலிலேயே மாற்றச் சொல்லுங்கள். செலான் பாக்கி இருந்தால் கட்டச் சொல்லுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் முடிந்தது என்ற பைனான்ஸ்காரரின் கடிதம் மட்டும் போதாது. 35-ஆம் படிவம் கொடுத்து ஆர்சியிலிருந்தே அந்தப் பெயரை எடுக்க வேண்டும். என்ஓசியில் 'ஓசூர்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேறு ஊர் பெயர் விழுந்துவிட்டால் திருத்தத் திரும்பவும் பெங்களூருக்கு அலைய வேண்டும்.

விண்ணப்பித்து 30 நாளுக்குள் மறுப்பு வரவில்லையென்றால் என்ஓசி கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு போய் கவுண்டரில் நீட்டிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று தெரியும். இரண்டு ஊருக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்தான். இரண்டு மாநிலமும் பயன்படுத்துவது ஒரே வாகன் தளம். அப்படியிருந்தும் ஒரு தாளைச் சுமந்துகொண்டு மனிதன்தான் போக வேண்டியிருக்கிறது. புரோக்கர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாங்குபவர் பெயரை எழுதாமல் விட்ட 29, 30 படிவங்களும் ஆர்சியும் ஒருவர் கையில் சேர்ந்தால், வண்டியை அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். இப்படிக் கை மாறிக் கை மாறிப் போன ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியை விற்ற உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள், என்ஓசிக்கு அவரே ஓடுவார். நீங்களும் இன்று இரவே அந்தப் படிவங்களில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதம் ஒருவராவது இதோடு வருகிறார். ஆர்சி விற்றவரின் அப்பா பெயரில் இருக்கும், அப்பா காலமாகியிருப்பார். "அப்பா கையெழுத்து எனக்குத் தெரியும்" என்று மகனே போட்டுக் கொடுத்திருப்பார். அது போலிக் கையெழுத்து, வேறு பேச்சே இல்லை. 29-ஆம் படிவம் இங்கே செல்லாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு 31-ஆம் படிவம் கொடுத்து, முதலில் வண்டி மகன் பெயருக்கு வர வேண்டும். அம்மாவோ உடன்பிறந்தவர்களோ இருந்தால் அவர்களுடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும். அதற்குப் பிறகுதான் என்ஓசி, அதற்கும் பிறகுதான் நீங்கள். "அதெல்லாம் வேண்டாம், ஒரே நாளில் பண்ணிடலாம்" என்று எவராவது சொன்னால் அவரிடம் டீகூடக் குடிக்காதீர்கள். உங்கள் ஆர்சியை எடுத்து யார் பெயர் என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

என்ஓசி வந்ததும் ஓசூரில் வேலை சுலபம். புது நம்பருக்கான 27-ஆம் படிவம், 29, 30 படிவங்கள், முகவரிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். வண்டியையும் கொண்டு போங்கள், சேசிஸ் நம்பரைப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டு வாழ்நாள் வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும். வண்டியின் வயதையும் விலையையும் வைத்துத்தான் கணக்கு, அதனால் பழைய இன்வாய்ஸ் இருந்தால் எடுத்துப் போங்கள். டிஎன் 70 நம்பர் வந்தபின், கர்நாடகத்தில் கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். அதற்கும் நண்பரின் ஒத்துழைப்பு வேண்டும், அந்தப் பணம் யாருக்கு என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் அவகாசம், அதுவும் முடிந்துவிட்டது. வண்டி திருடு போனால் உங்கள் கைக்கு ஒரு ரூபாய் வருவதும் சந்தேகம். நாளைக்குக் காலையில் முதல் போன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, இரண்டாவது போன் நண்பருக்கு. புரோக்கர் கூப்பிட்டால் எடுக்க வேண்டாம்.