வல்லெட்டாவின் போர் அருங்காட்சியகம்: கேள்வி பதில்

மால்ட்டா நாட்டின் தலைநகர் வல்லெட்டாவில், புனித எல்மோ கோட்டைக்குள் தேசியப் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்களுக்கு அங்கே ஒரே ஒரு நாள்தான். பேராலயம், தோட்டம், துறைமுகம் என்று பட்டியல் நீள்கிறது. இதற்கும் போகத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் போங்கள், அதுவும் காலையில் முதல் வேலையாக. நகர வாயிலிலிருந்து குடியரசுத் தெருவில் நேராக நடந்தால் கோட்டை வந்துவிடும். இங்கே கட்டடமே முதல் காட்சிப்பொருள். 1565 முற்றுகையில் உதுமானியப் படையை ஏறத்தாழ ஒரு மாதம் தடுத்து நிறுத்திவிட்டு, ஜூன் 23 அன்று வீழ்ந்த கோட்டை இது. இரண்டாம் உலகப் போரில், மால்ட்டா பிரிட்டன் ஆட்சியில் இருந்தபோது, 1940 ஜூன் 11 அன்று, அதாவது இத்தாலி போர் அறிவித்த மறுநாள், முதல் விமானத் தாக்குதலிலேயே இதே கோட்டையில் மால்ட்டா பீரங்கிப் படையினர் ஆறு பேர் உயிரிழந்தார்கள்.

கேள்வி: எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

பதில்: இரண்டு மணி நேரம்.

கேள்வி: துப்பாக்கி, பீரங்கி, சீருடை இவற்றில் எனக்கு ஆர்வமே இல்லை. கணவருக்காகத்தான் வருகிறேன். எனக்கு அங்கே என்ன இருக்கிறது?

பதில்: அம்மா, உங்களைப் போன்றவர்கள்தான் அவசியம் பார்க்க வேண்டும். மால்ட்டாவின் போர்க்கதையில் பாதி, பசியின் கதை. 1942இல் தீவைச் சுற்றிக் கடல்வழி அடைபட்டது. மாவும் எண்ணெயும் அளந்து கொடுக்கப்பட்டன. குடும்பங்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த பதுங்கறைகளில் இரவுகளைக் கழித்தன. ஆகஸ்டில் உணவும் எரிபொருளும் ஏற்றிய 14 சரக்குக் கப்பல்கள் புறப்பட்டன. வந்து சேர்ந்தவை ஐந்துதான். கடைசியாக வந்தது ‘ஒஹாயோ’ என்ற எண்ணெய்க் கப்பல். குண்டடிபட்டு மூழ்கும் நிலையில் இருந்த அதை, இரு பக்கமும் போர்க்கப்பல்களைக் கட்டித் தாங்கிப் பிடித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அன்று ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அதனால் அந்தக் கப்பல் அணியையே மால்ட்டா மக்கள் ‘சாந்தா மரியா’ என்கிறார்கள்.

அதற்கு முன்பே, 1942 ஏப்ரல் 15 அன்று, பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தீவு முழுமைக்கும், வீரத்துக்கான ஜார்ஜ் சிலுவைப் பதக்கத்தை வழங்கியிருந்தார். கைக்கு அடக்கமான அந்த வெள்ளிச் சிலுவை இங்கே இருக்கிறது. அதன் முன் சற்று நில்லுங்கள். தளபதிகளுக்கு மட்டுமல்ல, ரொட்டிக்கு வரிசையில் நின்ற தாய்மாருக்கும் உரியது அது. அந்தச் சிலுவையை இன்றும் மால்ட்டாவின் கொடியில் பார்க்கலாம்.

கேள்வி: மூன்றே மூன்று விமானங்கள் தீவைக் காத்தன என்பது உண்மையா?

பதில்: ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்ற பெயர்களோடு சொல்லப்படும் கதை அது. உண்மையில் கிளாடியேட்டர் வகையைச் சேர்ந்த அந்தப் போர் விமானங்கள் மூன்றுக்கும் மேல் இருந்தன. பெயர்களும் பின்னால் ஒட்டிக்கொண்டவை. அதனால் அந்த விமானிகளின் துணிச்சல் ஒரு துளியும் குறையாது. இறக்கை இல்லாத ‘விசுவாசம்’ கூடத்தில் நிற்கிறது. எவ்வளவு சிறிய விமானத்தில் ஏறிப் போனார்கள் என்று பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது.

கேள்வி: எம்டன் கப்பலுக்கும் மால்ட்டாவுக்கும் தொடர்பு உண்டு என்றார் நண்பர். சரியா?

பதில்: சரிதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசி, முரட்டு ஆசாமிகளைக் குறிக்க நமக்கு ஒரு சொல்லையே தந்துவிட்டுப் போன அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன்தான். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ கப்பலிடம் அது தோற்றது. உயிர் பிழைத்த கேப்டன் முல்லரையும் மாலுமிகளையும் மால்ட்டாவில், துறைமுகத்தின் மறுகரையில் உள்ள வெர்டாலா படைக்குடியிருப்பில் கைதிகளாக வைத்தார்கள்.

கேள்வி: எட்டு வயது மகனை அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக. கோட்டைச் சுவர்மேல் நடக்கும்போது கையை விடாதீர்கள். கோடையில் நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் வேண்டும். அங்கிருந்து அலைதடுப்புச் சுவருக்குப் போகும் பாலத்தைக் காட்டுங்கள். 1941 ஜூலை 26 அன்று வெடிமருந்துப் படகுகளில் வந்த இத்தாலியர் தாக்குதலில் பழைய பாலம் இடிந்து விழுந்தது. இப்போதிருப்பது 2012இல் அமைத்தது. பிறகு நண்பகலுக்குள் மேல் பராக்கா தோட்டத்துக்குப் போய்விட்டால், பன்னிரண்டு மணிக்கு மரியாதைப் பீரங்கி முழங்குவதையும் கேட்பான்.