நள்ளிரவுப் பயிற்சிக்கும் ட்ரம்ஸுடன் ஒத்திகைக்கும் ஒரே கிட்டார் ஆம்ப் போதுமா?

கேள்வி: குழந்தை உறங்கிய பிறகுதான் எனக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்க நேரம் கிடைக்கிறது. வார இறுதியில் ட்ரம்ஸ் வாசிக்கும் நண்பருடன் ஒத்திகை. என்னிடம் இருப்பது 40 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப். வால்யூம் குமிழை இம்மி திருப்பினாலே வீடு அதிர்கிறது. அதற்கும் கீழே இறக்கினால் ஒலியில் உயிரே இல்லை. ஒத்திகையில் அதே ஆம்ப் அருமையாக ஒலிக்கிறது. இதை விற்றுவிட்டு 5 வாட் ஆம்ப் வாங்கினால் இரண்டுக்கும் சரிப்படுமா?

பதில்: தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். 5 வாட் ஆம்ப் உங்கள் வீட்டுக்கு அதிகம், ட்ரம்ஸுக்குக் குறைவு. இரண்டு இடத்திலும் ஏமாற்றமே மிஞ்சும்.

வாட் எண்ணிக்கையை நம் காது அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. திறன் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். சற்றே ஏறியிருக்கிறது என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் திறன் ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். அதனால் 40 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினாலும் ஒலி பாதி அளவுக்குத்தான் குறையும். கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவும் ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தொலைவில் 95 முதல் 100 டெசிபல் வரை எழுப்புபவை. உறங்கும் குழந்தைக்கு ஒரு வாட்டே பெரிய ஆரவாரம்.

ஒலி ஏன் உயிரிழக்கிறது? உங்கள் ஆம்பின் பவர் வால்வுகளும் ஸ்பீக்கரும் உழைத்தால்தான் அந்தத் தடிமன் வரும் என்பது ஒரு காரணம். மற்றொன்று உங்கள் காதிலேயே இருக்கிறது. அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஒலி தணியத் தணிய, தாழ்ந்த சுரங்களைக் காது மிக வேகமாகத் தவறவிடுகிறது. உச்ச அதிர்வெண்களும் ஓரளவு மங்குகின்றன. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் அளந்து காட்டிய உண்மை இது. ஆகவே இரவில் பேஸை, அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான குமிழை, கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அதே அமைப்போடு ஒத்திகைக்குப் போனால், அந்த பேஸ் முழுவதும் ட்ரம்ஸின் பெரிய மத்தளத்தோடு மோதிக் குழம்பிவிடும். அங்கே பேஸைக் குறைத்து மிட்டை (நடு அதிர்வெண்களை) உயர்த்துங்கள். கிட்டாரின் குரல் இருப்பது மிட்டில்தான். வீட்டில் தனியாகக் கேட்டு ரசித்த ஒலி, குழுவோடு வாசிக்கும்போது காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். எந்த ஆம்ப் வாங்கினாலும் இரண்டு இடங்களுக்கும் தனித்தனி அமைப்பு வேண்டும்.

இனி குமிழின் பிரச்சினை. ஆம்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப் இருக்கிறதா என்று பாருங்கள்; பவர் பகுதிக்கு முன்னால் சிக்னலை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடும் இரண்டு துளைகள் அவை. இருந்தால், அதில் ஒரு வால்யூம் பெடலையோ சிறிய வால்யூம் பெட்டியையோ இணையுங்கள். பவர் பகுதிக்குப் போகும் சிக்னல் அங்கேயே குறைவதால், ஆம்பின் குமிழை வசதியாகத் திருப்பி ஒலியை நுணுக்கமாகக் கட்டுப்படுத்த முடியும். முதலில் செய்ய வேண்டிய, செலவு குறைந்த வழி இதுதான்.

அது போதாவிட்டால் லோட் பாக்ஸ் வாங்குங்கள். ஸ்பீக்கருக்குப் பதில் அதுவே ஆம்பின் திறனை ஏற்றுக்கொள்ளும். ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்துகாட்டும் வசதியும் உள்ளதாக இருந்தால், ஆம்பை முழுமையாகத் திருப்பிவைத்தே ஹெட்ஃபோனில் கேட்டு வாசிக்கலாம். லோட் பாக்ஸின் ஓம் மதிப்பு (மின்தடை அளவு) ஆம்போடு பொருந்த வேண்டும். தாங்கும் வாட்டும் 40-ஐவிடத் தாராளமாக இருக்கட்டும், ஏனென்றால் முழுமையாகத் திருப்பிய வால்வு ஆம்ப், அட்டையில் எழுதியதைவிட அதிகம் தரும். ஸ்பீக்கரோ லோட் பாக்ஸோ இணைக்காமல் வால்வு ஆம்பை ஒருபோதும் இயக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிவிடக்கூடும்.

வால்வுமீது அவ்வளவு பற்று இல்லாத ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட 50 வாட் மாடலிங் ஆம்ப் (வால்வு ஆம்புகளின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்வது) ஒன்றைச் சொல்லியிருப்பேன். பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50 போன்றவற்றில் திறனை 0.5 வாட்டுக்கு இறக்கும் சுவிட்சும் ஹெட்ஃபோன் துளையும் உண்டு. ஒலியின் குணம் பவர் வால்வுகளை நம்பி இல்லாததால் தணிவிலும் அது நிலைக்கிறது. வாங்கப் போகும் இடத்தில் பேச்சுக் குரலைவிடத் தாழ்வாக வாசித்துப் பாருங்கள். அலறவிட்டுப் பார்த்தால் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் ஒலிக்கும்.

ஒத்திகையில் ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள். ட்ரெபிள், அதாவது உச்ச அதிர்வெண் ஒலி, ஸ்பீக்கரிலிருந்து நேர்கோட்டில் பாய்வது. முழங்காலுக்குப் பின்னால் ஆம்ப் இருந்தால் உங்களுக்கு மந்தமாகக் கேட்கும், நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், எதிரே இருக்கும் நண்பரின் காது எரியும். ஒரு நாற்காலிமீது ஏற்றி, உங்கள் முகம் நோக்கிச் சாய்த்து வையுங்கள். வால்யூமையே குறைக்கத் தோன்றும். காதடைப்பானும் அணியுங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். ட்ரம்ஸ் இருக்கும் சிறிய அறையில் எளிதாக எட்டிவிடும் 100 டெசிபலுக்கு அந்தக் கணக்குத் தருவது 15 நிமிடம்தான்.