சுருக்கச் சொன்னால் பெருகுகிறதே! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பைத்தான் நிரலில் வாடிக்கையாளர் பதிவுகளை ஒவ்வொன்றாக இசட்லிப் நூலகத்தின் மூலம் சுருக்கித் தரவுத்தளத்தில் சேமிக்கிறேன். பெரும்பாலான பதிவுகள் இருபது, முப்பது பைட் அளவுள்ளவை. சுருக்கிய பிறகு பல பதிவுகள் முன்பிருந்ததைவிடப் பெரிதாகிவிடுகின்றன. நூலகத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறேனா, அல்லது வேறு படிமுறைக்கு மாற வேண்டுமா?

பதில்: பயன்படுத்துவதில் தவறில்லை, படிமுறையை மாற்றினாலும் பெரிய பலன் இராது. நீங்கள் கொடுக்கும் துண்டு மிகச் சிறியது என்பதுதான் சிக்கல். இசட்லிப்புக்குள் இயங்கும் டிஃப்ளேட் முறை இரண்டு பழைய கருத்துகளின் சேர்க்கை. ஒன்று, ஆப்ரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் ஆகியோர் 1977-இல் வெளியிட்ட எல்இசட்77. ஏற்கெனவே வந்துபோன பைட் வரிசை மீண்டும் வந்தால், அதைத் திரும்ப எழுதாமல், எத்தனை பைட் பின்னே சென்று எத்தனை பைட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அது குறித்து வைக்கும். மற்றொன்று, டேவிட் ஹஃப்மன் எம்ஐடியில் மாணவராக இருந்தபோது கண்டறிந்து 1952-இல் வெளியிட்ட குறியீட்டு முறை. அடிக்கடி வரும் மதிப்புக்குக் குறைந்த பிட்டுகளையும் அரிதாக வரும் மதிப்புக்குக் கூடுதல் பிட்டுகளையும் அது ஒதுக்கும்.

"அம்மா" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரிந்தாலும், எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகளாகவும், அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 வடிவில் குறிக்கு 3 வீதம் 15 பைட்டுகளாகவும் அது சேமிக்கப்படுகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 224 என்ற பைட்டில்தான் தொடங்கும். அடுத்த பைட் 174 ஆகவோ 175 ஆகவோதான் இருக்கும். எனவே இந்த 15 பைட்டுகளில் 174 ஆறு முறையும் 224 ஐந்து முறையும் வருகின்றன. 133, 141, 175, 190 ஆகியவை ஒவ்வொரு முறை மட்டுமே வருகின்றன. ஹஃப்மன் முறைப்படி 174-க்கு 1 பிட், 224-க்கு 2 பிட், மற்ற நான்குக்கும் தலா 4 பிட் என்று அமையும்; மொத்தம் 6 + 10 + 16 = 32 பிட், அதாவது 4 பைட். பதினைந்து நான்காகிவிட்டது என்று மகிழ்வதற்குள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எந்த மதிப்புக்கு எந்தக் குறியீடு என்ற அட்டவணை இல்லாமல் அந்த 4 பைட்டையும் யாராலும் விரிக்க முடியாது. அந்த அட்டவணைக்கு ஆகும் இடமே, இவ்வளவு சிறிய தரவில், மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடும். டிஃப்ளேட் அட்டவணையைத் தவிர்த்து முன்கூட்டியே வகுத்த நிலையான குறியீட்டையும் பயன்படுத்தும். ஆனால் அந்தக் குறியீடு உங்கள் தரவைப் பார்த்து அமைக்கப்பட்டதன்று. இவற்றுக்கு மேல் இசட்லிப் வடிவம் தொடக்கத்தில் 2 பைட்டும், முடிவில் சரிபார்ப்புக்காக 4 பைட்டும் சேர்க்கிறது.

எல்லாக் கோப்புகளையும் சிறிதாக்கும் இழப்பில்லா முறை (விரித்தால் மூலத்தை அப்படியே திருப்பித் தருவது) இருக்கவே முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 10 பிட் நீளமுள்ள கோப்புகள் 1024 உண்டு. அவற்றைவிடக் குறுகியவை, வெற்றுக் கோப்பையும் சேர்த்து, 1023 மட்டுமே. ஏதேனும் ஒன்றுக்கு இடம் கிடைக்காது.

ஆகவே பதிவுகளைச் சில நூறாகத் திரட்டி ஒரே துண்டாகச் சுருக்குங்கள். ஒரு பதிவைப் படிக்க முழுத் துண்டையும் விரிக்க வேண்டியிருக்கும் என்பதால், திரளின் அளவைப் பயன்பாட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தனித்தனியாகத்தான் வைத்தாக வேண்டுமென்றால், இசட்லிப்பிலேயே முன்னகராதி என்றொரு வசதி இருக்கிறது. பதிவுகளில் பொதுவாக வரும் சொற்களையும் புலப் பெயர்களையும் ஒரு சரமாக்கி, மிக அடிக்கடி வருவனவற்றை அதன் இறுதியில் வைத்து முன்கூட்டியே கொடுத்துவிட்டால், முதல் பைட்டிலிருந்தே பின்னோக்கிச் சுட்ட டிஃப்ளேட்டுக்கு இடம் கிடைத்துவிடும். விரிக்கும்போதும் அதே அகராதி வேண்டும். அதைத் தொலைத்தால் பதிவுகளையும் தொலைத்ததாகவே பொருள்.

கேள்வி: ஜீஜிப் (gzip) வடிவில் சுருக்கிய கோப்பு ஒன்றை இசட்லிப்பால் விரிக்க முயன்றால், தலைப்பகுதி தவறு என்ற பிழை வருகிறது. இரண்டும் ஒரே டிஃப்ளேட் என்றுதானே படித்தேன்?

பதில்: உள்ளே இருப்பது ஒன்றே, மேலுறைதான் வேறு. ஜீஜிப்பில் தலைப்பகுதி குறைந்தது 10 பைட், முடிவில் 8 பைட். சரிபார்ப்பும் இசட்லிப் கையாளும் அட்லர்-32 அன்று, சிஆர்சி-32. சாளர அளவை, அதாவது பின்னோக்கி எவ்வளவு தொலைவு சுட்டலாம் என்பதை, குறிக்கும் அளவுருவுக்கு 15 என்று கொடுத்தால் இசட்லிப் உறையையும், 31 என்றால் ஜீஜிப் உறையையும், -15 என்றால் உறையே இல்லாத வெறும் டிஃப்ளேட்டையும் நூலகம் எதிர்பார்க்கும். விரிக்கும்போது 47 என்று கொடுத்தால் முதலிரண்டில் எது என்பதை அதுவே கண்டுகொள்ளும். ஒரே அளவுருவில் இவ்வளவையும் திணித்த வடிவமைப்பை என்னால் பாராட்ட முடியவில்லை, ஆயினும் நினைவில் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: இசட்லிப்பில் எப்போதும் மிக அதிகமாகச் சுருக்க முயலும் 9-ஆம் நிலையிலேயே சுருக்குவது நல்லதுதானே?

பதில்: தேவையில்லை. இயல்பு நிலையான 6-க்கும் 9-க்கும் அளவில் வேறுபாடு பெரும்பாலும் சொற்பம், நேரத்தில் அப்படியன்று. ஜேபெக் படங்களுக்கு எந்த நிலையும் உதவாது, அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை.

கேள்வி: பயனர்கள் பதிவேற்றும் சுருக்கிய கோப்புகளை எங்கள் சேவையகம் விரித்துப் படிக்கிறது. பதிவேற்றும் கோப்பின் அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறோம். அது போதுமா?

பதில்: போதாது. டிஃப்ளேட்டில் ஒரு பின்சுட்டு, அதாவது முன்பு வந்த பைட்டுகளைச் சுட்டும் குறிப்பு, அதிகபட்சம் 258 பைட்டுகளைக் குறிக்கலாம் என்பதால், தீய நோக்குடன் தயாரித்த கோப்பு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வரை விரியக்கூடும். ஒரு மெகாபைட் கோப்பு ஒரு கிகாபைட் நினைவகத்தைக் கேட்கும். ஆகவே வரம்பை விரிந்த அளவுக்கு வையுங்கள். முழுக் கோப்பையும் ஒரே அழைப்பில் விரிக்காமல், பைத்தானில் உள்ள விரிப்புப் பொருளை உருவாக்கி, ஒவ்வோர் அழைப்பிலும் அதிகபட்சம் எத்தனை பைட் வெளிவரலாம் என்பதைக் குறிப்பிட்டு, மொத்தம் எல்லையைத் தாண்டியதும் நிறுத்திவிடலாம். இந்த வழியில் ஓர் எச்சரிக்கை: கோப்பு பாதியில் அறுந்திருந்தால், ஒரே அழைப்பில் விரிக்கும்போது பிழை வரும்; விரிப்புப் பொருளோ வந்தவரை கொடுத்துவிட்டு மேலும் தரவு வருமென்று பேசாமல் இருந்துவிடும். சுருக்கிய தரவு அதன் முடிவை எட்டியதா என்று காட்டும் பண்பு அந்தப் பொருளிலேயே உண்டு. அது உண்மை என்று காட்டினால் மட்டுமே கோப்பை முழுமையானதாக ஏற்றுக்கொள்ளுங்கள்.