தொட்டியில் மூங்கில்: சிங்கப்பூரில் விதை போட்டவர்களின் கேள்விகள்

பிடோக்: அண்ணே, இணையத்தில் 100 மூங்கில் விதை வாங்கினேன். 5 வாரமாகத் தண்ணீர் தெளிக்கிறேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. மண்ணில் குறையா, கைராசி இல்லையா?

இரண்டுமில்லை. விதை செத்துப்போயிருக்கும். மூங்கில் தக்காளி மாதிரி வருடாவருடம் காய்க்காது. பெரும்பாலான இனங்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, விதைவிட்டு, காய்ந்துபோகும். மிசோரத்தின் மௌதக் மூங்கிலுக்குச் சுமார் 48 ஆண்டு. 1959இல் பூத்தது, மறுபடி 2007ஐ ஒட்டிப் பூத்தது. அதனால் புது விதை எப்போதும் கிடைக்காது, கடைக்காரரிடம் பழைய விதை தேங்கும். சாதாரண அறை வெப்பத்தில் பல இனங்களின் விதை சில மாதங்களிலேயே உயிர்விட ஆரம்பிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம்.

வாங்குமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த மாதம் அறுவடையானது? பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். கையிலிருப்பதைச் சோதிக்க, நாலைந்து விதைகளைப் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. பழுப்பாகச் சுருங்கியோ வெறும் உமியாகவோ இருந்தால் குப்பைதான். தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்ப்பதை நம்ப வேண்டாம். உமியோடு இருக்கும் நல்ல விதையும் மிதக்கும். மீதியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃபிரீசர் வேண்டாம்.

இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து விதை வரவழைக்குமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி நிபந்தனைகளைப் பார்த்துவிடுங்கள்.

உட்லண்ட்ஸ்: தேக்காவில் மூங்கில் அரிசி கிடைக்கிறதே, அதையே விதைத்தால் என்ன?

பொங்கல் வையுங்கள், நன்றாயிருக்கும். உமி நீக்கும்போதே முளைக்கரு அடிபட்டிருக்கும், வயதும் தெரியாது. நெல்லுக்கும் அரிசிக்கும் உள்ள வித்தியாசமேதான்.

செங்காங்: கறுப்பு மூங்கில், நீல மூங்கில், மோசோ என்றெல்லாம் விற்கிறார்கள். வீவக அடுக்குமாடி வீட்டுக்கு எது சரி?

நீல மூங்கில் விதை என்று படம் போட்டு விற்பதைத் தொடவே தொடாதீர்கள். மோசோ குளிர்காலம் உள்ள நாடுகளின் மூங்கில், ஓடுவேர் வகையும்கூட. வேர்த்தண்டு நேராக ஓடி, தொட்டிச் சுவரில் முட்டி, வளையம் வளையமாகச் சுற்றும். முளைத்தாலும் நம் வெப்பத்தில் சோர்ந்தே நிற்கும்.

நமக்கு வேண்டியது கொத்தாக வளரும் வெப்பமண்டல வகை. விதையில் கிடைப்பவற்றில் கல்மூங்கில் பொறுமையானது, வறட்சியையும் தாங்கும். முள்மூங்கில் விதை எளிதாக முளைக்கும். ஆனால் பெயரிலேயே முள் இருக்கிறது, பிள்ளைகள் ஓடும் வீட்டுக்கு ஆகாது. தாய்லாந்தின் மடாலய மூங்கில் மெலிதாக, நேராக, நெருக்கமாக நிற்கும். புது விதை கிடைத்தால் என் முதல் தேர்வு அதுதான். வேலி மூங்கிலும் தொட்டிக்கு அருமை, ஆனால் அதை நர்சரியில் கன்றாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

அங் மோ கியோ: விதைக்கும் முறையை முதலிலிருந்து சொல்லுங்கள் அண்ணே.

கடையில் சாப்பாடு கட்டித் தரும் மூடியுள்ள தப்பாவ் டப்பா ஒன்று போதும். அடியில் எட்டுப் பத்து ஓட்டை போடுங்கள். தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகள் 1 பங்கு. நார்த்தூளை இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கும். இந்தக் கட்டத்தில் உரமோ மட்கோ சேர்க்கக் கூடாது, பூஞ்சைக்குத்தான் விருந்து.

விதையை அறை வெப்பத் தண்ணீரில் 12 முதல் 24 மணி நேரம் ஊறவையுங்கள், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். 24ஐத் தாண்டினால் மூச்சுமுட்டி அழுகும். கலவையைக் கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டுமே வர வேண்டும். 2 செ.மீ. இடைவெளியில் படுக்கவைத்து, அரை செ.மீ. கலவை தூவி மூடுங்கள். டப்பா மூடியை லேசாகத் திறந்தே வையுங்கள். குளிர்நாட்டுக் குறிப்புகளில் வெப்பப் பாய் வாங்கச் சொல்வார்கள். நமக்கு அந்தச் செலவில்லை, ஏர்கான் போடாத எந்த அறையும் தானாகவே 28, 30 டிகிரி இருக்கும்.

புது விதை ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஊசிபோல் குருத்து நீட்டும். எல்லாம் ஒரே நாளில் வராது, ஒரு மாதம் வரை காத்திருங்கள். குருத்து தெரிந்ததும் மூடியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். 3, 4 இலை வந்ததும் 8 செ.மீ. தொட்டிக்கு மாற்றலாம். தண்டைப் பிடித்து இழுக்காமல் ஸ்பூனால் வேர்மண்ணோடு தூக்குங்கள். உரம் அதற்கு இரண்டு வாரம் கழித்து: திரவ உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்பங்காக, இரு வாரத்துக்கு ஒருமுறை.

தெம்பனிஸ்: முளைத்த 9 நாற்றில் 2 சுத்த வெள்ளையாக இருக்கின்றன. சத்துக் குறைவா?

பச்சையமே இல்லாமல் பிறந்தவை அவை. மூங்கில் விதையில் இது சகஜம். விதையில் இருந்த மாவுச்சத்து தீர்ந்ததும் போய்விடும், உரத்தால் காப்பாற்ற முடியாது. வெள்ளைக் கோடு போட்ட நாற்று வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பகுதி போதுமான அளவு இருந்தால் பிழைக்கும்.

யீஷூன்: நேற்றுவரை நன்றாக நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் மெலிந்து சாய்ந்துவிட்டது அண்ணே.

நாற்றழுகல், மண்ணில் வாழும் பூஞ்சைகளின் வேலை. சாய்ந்ததை உடனே சுற்றுமண்ணோடு எடுத்து எறியுங்கள். மேலிருந்து தெளிப்பதை நிறுத்தி, தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் 10 நிமிடம் வைத்து எடுங்கள். சின்ன விசிறியை ஓடவிட்டு மேல்மண் உலரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காற்றோட்டம் இல்லாததால்தான் நம் ஊரில் பல நாற்றுகள் போகின்றன.

ஜூரோங் வெஸ்ட்: ஏர்கான் அறையில், சன்னலுக்கு 2 மீட்டர் தள்ளி வைத்திருக்கிறேன். இலை சுருள்கிறது, நுனி காய்கிறது.

2 மீட்டர் உள்ளே வந்தால் நம் கண்ணுக்குத்தான் வெளிச்சம், மூங்கிலுக்கு அது இருட்டு. கிழக்குச் சன்னலை ஒட்டி வையுங்கள். வழியில்லையென்றால் எல்இடி வளர்ப்பு விளக்கை 25 செ.மீ. உயரத்தில் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். இலை நீளவாக்கில் சுருண்டால் தாகம். தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் விரிய வேண்டும். விரியாவிட்டால் வேர் அழுகியிருக்கலாம், தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். நுனி மட்டும் காய்ந்தால் வறண்ட காற்றோ உர உப்போ காரணம். இலையில் வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: செஞ்சிலந்தி என்ற நுண்பூச்சி. ஏர்கான் அறை அதற்குச் சொர்க்கம். குழாய்நீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், 3 நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம்.

பொங்கோல்: குழாய்த் தண்ணீரை ஒரு இரவு வைத்திருந்து ஊற்றினால் குளோரின் போய்விடும்தானே?

இங்கே போடுவது குளோரமின், ஓரிரவில் போகாது. போக வேண்டிய அவசியமும் இல்லை. நேராக ஊற்றுங்கள்.

புக்கிட் பாஞ்சாங்: ஒரு வருடமாகிறது, தண்டு இன்னும் குச்சி மாதிரி. எப்போது தடிக்கும்?

அந்தத் தண்டு தடிக்கவே தடிக்காது. மூங்கில் தண்டு மண்ணைப் பிளந்து வரும்போதே அதன் முழுப் பருமனோடு வருகிறது. அடுத்து வரும் குருத்துதான் தடிமனாக இருக்கும், அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். எனவே குச்சிகளை வெட்டாதீர்கள். வேர்த்தண்டுக்குச் சோறு போடுவது அவற்றின் இலைகள்தான்.

வேர் தொட்டியை நிறைக்கும்போது 8 செ.மீ.யிலிருந்து 15, பிறகு 25, கடைசியில் 40 செ.மீ. என்று மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய தொட்டியில் வைத்தால் நடுமண் ஈரத்திலேயே கிடந்து வேர் அழுகும். கலவை: மட்கு 2 பங்கு, சுட்ட மண் 1, பெர்லைட் 1. 40 செ.மீ. தொட்டியில் மெல்லக் கரையும் உரம் ஒரு மேசைக்கரண்டி, 3 மாதத்துக்கு ஒருமுறை. அந்தத் தொட்டியில் பென்சில் பருமன் வந்தால் நல்ல விளைச்சல். கூரையைத் தொடும் கழை வேண்டுமென்றால் அதற்கு நிலம் வேண்டும்.

கிளமெண்டி: தாழ்வாரத்தில் வைக்கலாமா அக்கம்பக்கத்தார் புகார் செய்யாமல்?

நடைவழியில் 1.2 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் வைக்கவே கூடாது. மூங்கில் காற்றைப் பிடிக்கும், தொட்டி கீழே விழுந்தால் உயிருக்கே ஆபத்து. தட்டில் தேங்கும் நீரைத் தினமும் கொட்டுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். பலர் மறப்பது வெட்டிய தண்டை. கணுவிடையில் வெட்டினால் உட்குழிவில் மழைநீர் நிற்கும், தட்டைக் காயவைத்தும் பயனில்லை. எப்போதும் கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட வெட்டுங்கள்.