மகள் ஐரோப்பிய நுகர்வோர் சட்டம் படிக்கட்டுமா?

வணக்கம் சார்,

"நம்ம ஊர் கோர்ட்டில் வாதாடாமல், ஐரோப்பாக்காரங்க சட்டத்தை இவள் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தீர்கள். நாலாம் வருடம் சட்டம் படிக்கும் பெண்ணின் அப்பாவுக்கு வரும் நியாயமான கவலைதான்.

ஒரு அடுப்பு விஷயம் சொல்கிறேன். 2002-ல் ஜெர்மனியில் ஒரு பெண்மணி தபால் விற்பனை நிறுவனம் ஒன்றிடம் அடுப்பு வாங்கினார். ஒன்றரை வருடத்தில் உள்ளே எனாமல் உரிந்துவிட்டது. பழுதுபார்க்க முடியாததால் நிறுவனம் புது அடுப்பு கொடுத்தது. ஆனால் பழைய அடுப்பை இத்தனை நாள் பயன்படுத்தியதற்கென்று 69.97 யூரோ வாங்கிக்கொண்டது. ஜெர்மன் சிவில் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999 டைரக்டிவோ (உறுப்பு நாடுகள் எல்லாம் பின்பற்ற வேண்டிய பொது விதி), மாற்றித் தருவதற்குக் காசு வாங்கக் கூடாது என்றது. நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. விவகாரம் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2008 ஏப்ரலில் தீர்ப்பு நுகர்வோர் பக்கம் வந்தது. அதே வருடக் கடைசியில் ஜெர்மனி தன் சட்டத்தைத் திருத்தியது.

உங்கள் மகளுக்குப் பிடித்திருப்பது, இப்படி ஒன்றிய விதியையும் நாட்டுச் சட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைதான். டைரக்டிவை ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும்போது வித்தியாசம் வந்துவிடும். பழைய 1999 டைரக்டிவுக்குப் பதிலாக வந்த 2019 டைரக்டிவ்படி, குறையுள்ள பொருளுக்கு விற்றவர் குறைந்தது இரண்டு வருடம் பொறுப்பு. ஸ்பெயினிலும் சுவீடனிலும் அது மூன்று வருடம். அங்கே நேரடியாக விற்கும் நிறுவனத்துக்கு இதையெல்லாம் நாடு நாடாகப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். 2024 டிசம்பர் 13 முதல் இன்னொரு விதியும் வந்திருக்கிறது: ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்க ஒருவர் இல்லாமல் நுகர்வோர் பொருளை அங்கே விற்க முடியாது. கரூரிலிருந்து போகும் படுக்கை விரிப்புக்கும் இது உண்டு.

ஆனால் வீட்டை அடமானம் வைத்து இப்போதே வெளிநாட்டுக்கு எல்.எல்.எம். என்னும் சட்ட மேற்படிப்புக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மனியில் வக்கீலாக முடியாது. அதற்கு இரண்டு அரசுத் தேர்வுகள் தாண்ட வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுகள் இதைச் சொல்வதே இல்லை, எனக்கு அதில் ரொம்பக் கோபம். முதலில் ஒரு வருடம் இங்கேயே ஏற்றுமதி நிறுவனம் எதிலாவது ஒப்பந்தங்களையும் லேபிள் விதிகளையும் பார்க்கும் வேலையில் இருக்கட்டும். மாலையில் ஜெர்மனோ பிரெஞ்சோ படிக்கட்டும்.

அப்புறம், அந்த அடுப்பு வழக்கின் தீர்ப்பையும் நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இங்கே என்றால் என்ன நடந்திருக்கும் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சனிக்கிழமை அதோடு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசலாம்.