இடித்த வீட்டை வி.ஆரில் திரும்பக் கட்ட முடியுமா?

கேள்வி: திருவல்லிக்கேணியில் எங்கள் தாத்தா வீட்டை 1996-ல் இடித்துவிட்டார்கள். சில புகைப்படங்களும் அத்தையின் கல்யாண கேசட்டும்தான் மிச்சம். வீட்டை ‘அச்சு அசலாக’ வி.ஆரில், அதாவது கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே நடப்பதுபோல் பார்க்கும் மெய்நிகர் உலகில், கட்டித் தர ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். படத்தில் விழாத சுவரை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, கற்பனையாக வரைந்துதான் வைக்கும். 1985-ல் எரிந்த சென்னை மூர் மார்க்கெட்டுக்கும் அதே கதிதான்: முகப்பை வரைந்துவிடலாம், உள்ளே எந்தக் கடை எங்கே இருந்தது என்பதற்கு ஆட்களைத் தேடித்தான் கேட்க வேண்டும்.

முதலில் அளவு வேண்டும். பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தில் கிழமேல், தென்வடல் அடிக்கணக்கு இருக்கும். வீட்டின் கதவோ தூணோ யாரிடமாவது இருந்தால் அளந்து வையுங்கள், படத்தில் அதன் அருகில் தெரிபவற்றை அதை வைத்துக் கணக்கிடலாம். மாநகராட்சியில் பழைய வரைபடம் கேட்டும் பாருங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இடிக்க அனுமதி கொடுக்கும்போதே நாலு பக்கமும் படமெடுத்து வைக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஒன்றிரண்டு படங்களில் ஆழம் சரியாகக் கிடைக்காது. இதற்கு விதிவிலக்கு உங்கள் கேசட். கேமராமேன் திண்ணையிலிருந்து ரேழி வழியாகக் கூடத்துக்கு நடந்திருந்தால், ஒவ்வொரு பிரேமும் சற்றே வேறு இடத்திலிருந்து எடுத்ததாகிறது. அவற்றை ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடலாம். நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பியிருந்தாலோ, ஜூம் மட்டும் செய்திருந்தாலோ பயனில்லை. நம் கல்யாண வீடியோக்காரர்களுக்கு இந்த இரண்டும்தான் உயிர்! போதாக்குறைக்கு, இதயத்துக்குள் மணமக்களை வைக்கும் மிக்சிங் வேறு. ஆகவே எடிட் செய்யாத மூல கேசட் கிடைக்குமா என்று விசாரியுங்கள். முற்றத்தைச் சுற்றி அவர் பத்து விநாடி நடந்திருந்தாலும் லாபம். டிஜிட்டலாக மாற்றும்போது ‘ஏஐ வைத்துத் தெளிவாக்கித் தருகிறேன்’ என்றால் மறுத்துவிடுங்கள். இல்லாத பூவேலைப்பாடு தூணில் முளைக்கும்.

அப்புறம் இந்தத் தரகர்கள். பலர் வேலையை வேறு யாருக்கோ கைமாற்றிவிட்டு, உங்களிடம் ஒரு ஆப்பை மட்டும் நீட்டுவார்கள். போன் மாறினால் அது திறக்காமல் போகலாம். முப்பரிமாண மாதிரியின் கோப்புகள், வேறு மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய ஓபிஜே (OBJ) அல்லது ஜிஎல்டிஎஃப் (glTF) வடிவத்தில், உங்களுக்கே தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். ஊகித்து வரைந்த பகுதிகளைச் சாம்பல் நிறத்தில் காட்டச் சொல்லுங்கள். ‘அந்த இடத்துக்கே போய் போனில் பார்க்கலாம்’ என்பார்கள், ஆனால் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், தாத்தா வீடு பக்கத்து மனையில் நிற்கும். முதலில் ஒரு கூடத்தை மட்டும் செய்யச் சொல்லி, அதற்கு மட்டும் பணம் கொடுங்கள்.